நிப்பாட்டிப் பேசுவாங்கள்

என் அப்பா யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டினார். நகரத்திலிருந்து பருத்தித்துறைக்கும், அங்கிருந்து திரும்ப நகரத்துக்கும். ஆக்லாந்துக்கு வந்தபின் அவர் ஒருநாளும் பஸ் ஓட்டவில்லை. பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் முதலில் பெட்டி அடுக்கினார், பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆனால் எங்கே பஸ்ஸில் ஏறினாலும் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கையில்தான் இருப்பார். அது நிறைந்திருந்தால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். வளைவில் வண்டியைத் திருப்பும் விதம், தரிப்பிடத்துக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வருவார். இறங்கும்போது ஓட்டுநரிடம் "நல்ல ஓட்டம்" என்று தமிழில் சொல்வார். அவர்கள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு கையசைப்பார்கள்.

நான் இன்று பொதுச் சட்ட வழக்குகள் செய்கிறேன். தமிழ் நிகழ்ச்சிகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, சட்டத்தரணி என்று சொன்னால், அடுத்த கேள்வி வீடு வாங்குவது பற்றியோ விவாகரத்து பற்றியோ இருக்கும். இரண்டும் எனக்குத் தெரியாது என்று சொன்னதும் அவர்கள் முகம் கொஞ்சம் இறங்கும். அரசாங்கம் ஒரு மனிதனைப் பற்றி ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவை அது எடுத்த விதம் நியாயமானதா, அவன் சொன்னதைச் சரியாகக் கேட்டார்களா என்று நீதிமன்றத்தில் வாதாடுவதுதான் என் வேலை. முடிவு நல்லதா கெட்டதா என்பதுகூட அநேகமாக என் கேள்வி அல்ல. கேட்டார்களா என்பதுதான்.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்வதென்றால் என் அண்ணாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, அண்ணா, நான். நாட்டை விட்டு வெளிக்கிட்டது மூன்று பேர். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போவதற்கு ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். அம்மாவின் வைத்தியத்தைக் காரணம் காட்டி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் பாஸ் கிடைத்தது. பதினெட்டு வயதுப் பெடியனுக்குத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அவனுக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லும் வரவிருந்தது. பெரியம்மா வீட்டில் அவனை விட்டுவிட்டு நாங்கள் முதலில் போவது, அங்கே எங்களை ஏற்றுக்கொண்டதும் அவனைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம் என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு அப்படிச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணா அழவில்லை. எனக்குப் பத்து வயது. என் தலையில் குட்டிவிட்டு, "அங்க போய் இங்கிலீஷைக் கெதியாப் படி. நான் வரேக்கை நீதான் எனக்குச் சொல்லித்தர வேணும்" என்றான்.

அந்த ஒரு வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். கிளென் ஈடனில் இரண்டு அறை வீடு ஒன்றில் இருந்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். பேச ஆளில்லாததால் ஆங்கிலம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சில மாதங்களில் டெயரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் பால் வாங்குவதற்கும் அம்மா என்னைத்தான் முன்னே தள்ளினார். பள்ளிக்கூடத்தில் நான் முதலில் கற்ற சொற்களில் ஒன்று "டோல்ட் ஓஃப்". மதிய இடைவேளையில் வேலியில் ஏறிய பெடியனை ஆசிரியர் ஏசினார். எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை அவனைக் காட்டி அப்படிச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அம்மா, பேச்சு வாங்கிறதுக்கு இங்க டோல்ட் ஓஃப் எண்டு சொல்லுறவை" என்றேன். அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வருடக் கடைசியில் எங்களுக்கு விசாரணை வந்தது. நாங்கள் அகதிகள்தானா என்று ஓர் அதிகாரி அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகக் கேட்பார். நகரத்தில் ஒரு கட்டடத்தில் இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் நடந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அப்பாவின் அறையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். மூலையில் ஒரு கதிரையைப் போட்டு, படம் வரையக் காகிதமும் நிறப் பென்சில்களும் தந்து என்னை இருக்கச் சொன்னார். அப்பாவுக்குக் கோப்பி கொடுத்தார். எங்கள் சட்டத்தரணி, கம்பளிச் சட்டை போட்ட உயரமான வெள்ளைக்கார மனிதர், அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு அம்மா வந்திருந்தார். தமிழ்நாட்டுக்காரர். காட்டன் புடவை, மேலே தடித்த கோட்டு. "பயப்படாதீங்க சார், மெதுவா சொல்லுங்க" என்று சொல்லி அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அப்பா தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். பஸ் பாதையில் இருந்த ஆமிக் காவலரண்களைப் பற்றி, சென்ரி என்று நாங்கள் சொல்வது, அதைப் பற்றிச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் சென்ரியிலை என்னை இறக்கி நிப்பாட்டிப் பேசுவாங்கள்" என்றார்.

அந்த அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு நாளும் ராணுவத்தினர் அவரை நிறுத்தி அவரோடு உரையாடுவார்கள் என்று.

நான் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்கு நாங்கள் கதைக்கிறது என்போம். இந்த இரண்டு சொல்லும் வேறு என்பது பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு படித்த பெண்ணுக்குத் தெரிந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

"எதைப் பற்றி உரையாடினார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

அந்த அம்மா அப்பாவிடம், "என்ன பேசினாங்கன்னு கேக்கறார் சார்" என்றார்.

அப்பா தலையைக் குனிந்தார். அந்த அறையில் ஒரு பெண்பிள்ளை இருந்தேன், புடவை கட்டிய ஒரு பெண் இருந்தார். ஆமிக்காரர்கள் தன்னையும் தன் தாயையும் மனைவியையும் சேர்த்து என்ன சொல்லி ஏசினார்கள் என்பதை அவர் எப்படிச் சொல்வார்? "அதை இங்க சொல்லேலாது" என்றார்.

"அவரால் அதைச் சொல்ல முடியாதாம்" என்று மொழிபெயர்ப்பு போனது.

அதிகாரி ஏதோ எழுதினார். நான் எழும்பி, "அப்பா, அவ பிழையாச் சொல்லுறா" என்று தொடங்கினேன். அப்பா என் பக்கம் திரும்பி விரலை உதட்டில் வைத்தார். "பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்க வரக்கூடாது. இரு." நான் இருந்துவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. மறுத்துவிட்டார்கள். எங்கள் சட்டத்தரணியின் அலுவலகத்தில் அவர் காரணங்களை மெல்ல விளக்க, நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இவர் ராணுவத்தினரோடு தினமும் நின்று உரையாடும் அளவுக்கு நல்ல உறவில் இருந்திருக்கிறார். என்ன உரையாடினீர்கள் என்று கேட்டால் மறைக்கிறார். ஆகவே இவர் அவர்களுக்குப் பயந்து ஓடிவந்தார் என்பதை நம்ப முடியவில்லை.

அப்பா என்னிடம், "நான் எப்ப ஆமியோட நல்ல உறவிலை இருந்தனான்? அப்பிடி ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

நான் சட்டத்தரணியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்பா உரையாடினார்கள் என்று சொல்லவில்லை. டோல்ட் ஓஃப் பண்ணினார்கள் என்றுதான் சொன்னார். கெட்ட வார்த்தைகளால். அந்த வார்த்தைகளைத்தான் அங்கே சொல்ல முடியாது என்றார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். "இன்னொரு தடவை சொல்லு. அவசரப்படாதே" என்றார். நான் சொன்னேன். எங்கள் வீட்டில் அம்மா பேசுவார் என்றால் அம்மா ஏசுவார் என்று அர்த்தம் என்று உதாரணமும் சொன்னேன். ஒரு பெரிய மனிதர் நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பா பக்கத்தில் முகம் கறுத்து இருந்தார். நான் சந்தோஷமாக இருந்தேன்.

மேல்முறையீடு முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. இந்த முறை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். என்னையும் அம்மாவையும் வெளியில் இருத்திவிட்டு அப்பா அந்த வார்த்தைகளை எல்லாம் சொன்னாராம். வெளியே வந்தவர் நேரே கழிப்பறைக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். பிறகு எங்களை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் அம்மா பாயாசம் காய்ச்சினார். ஆனால் அதற்கு முன்பே அண்ணா யாழ்ப்பாணத்தில் இல்லை.

அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரை அடுத்தடுத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் வழக்கு மறுக்கப்பட்ட செய்தி அவனுக்குப் போனபோது, இனி நியூசிலாந்து சரிவராது என்று அவன் நினைத்துவிட்டான். மன்னாருக்குப் போய்ப் படகேறிவிட்டான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். "அம்மா, நான் இந்தியாவிலை நிக்கிறன். ராமேஸ்வரம். ஒண்டும் ஆகேல்லை, பயப்பிடாதையுங்கோ" என்றான். அம்மா ரிசீவரை என்னிடம் நீட்டினார். அப்பா வேலையில் இருந்தார். நான்தான் மீதியைக் கதைத்தேன்.

அவனை இங்கே கூப்பிட விண்ணப்பித்தோம். எங்களுக்கு இருப்புரிமை வந்து, விண்ணப்பம் போய், அதை எடுத்துப் பார்த்தபோது அவன் பெற்றோரில் தங்கியிருக்கும் பிள்ளையாகக் கணக்கிடப்படும் வயதைத் தாண்டிவிட்டான். கையில் கடவுச்சீட்டும் இல்லை. முடியாது என்று பதில் வந்தது. எங்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த பதில்போல இருந்தது. வானத்தோடு யாராவது வாதாடுவார்களா? அப்பா, "சரி, வேற வழி பாப்பம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். கிளென் ஈடனில் ரயிலேறி, நடுவில் மாறி, பென்ரோஸில் இறங்கி. அடுத்த இருபது வருடமும் அந்த வேறு வழியைத் தேடினோம்.

ஹென்டர்சனில் உயர்பள்ளி முடித்து நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "மருத்துவம் கிடைக்குமெண்டு ரீச்சர் சொன்னவதானே. சட்டம் எங்களுக்குச் செய்தது காணாதோ?" என்றார். அம்மாதான், "அவள் சின்னனிலேயே அந்த லோயருக்குப் பிழை பிடிச்சுக் குடுத்தவள். படிக்கட்டும் விடுங்கோ" என்றார்.

மூன்றாம் வருடத்தில் ஒரு விரிவுரை. வயது வரம்பு உள்ள ஒரு விதியில், வயதை எந்த நாளில் பார்ப்பது என்று விரிவுரையாளர் பேசிக்கொண்டிருந்தார். முதலில் உரிமை கோரிய நாளிலா, முடிவெடுக்கும் நாளிலா? அரசின் தாமதத்தினாலும் அரசின் பிழையினாலும் வயது கடந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு பக்கமும் வாதாடலாம் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வாதாடலாம். யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. எங்கள் பழைய சட்டத்தரணி அகதி வழக்கோடு நின்றுவிட்டார். அண்ணாவின் விண்ணப்பத்தை நாங்களே நிரப்பி அனுப்பினோம். அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று தெரியாமல், போகக்கூடிய காலமும் கடந்துபோயிருந்தது. வென்றிருப்போமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தோற்றிருக்கவும் கூடும். ஆனால் யாராவது ஒருவர் எழும்பி நின்று எங்களுக்காகக் கதைத்திருப்பார்.

அன்று மாலை அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தான். கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் வேலை. முகாமிலேயே ஒரு மன்னார்ப் பெண்ணைக் கல்யாணம் செய்து ஒரு மகளும் பிறந்திருந்தாள். விரிவுரையில் கேட்டதைச் சொல்லத்தான் எடுத்தேன். அதற்குள் அவன், "பாப்பா இப்ப தவழுறா, தெரியுமா? உன்கிட்ட பேசணும்னுதான் நானே நினைச்சிட்டிருந்தேன்" என்றான். அவனுடைய தமிழ் மாறிவிட்டிருந்தது. முகாமுக்கு வெளியே வேலை கிடைக்க வேண்டுமென்றால் அப்படித்தான் பேச வேண்டும், பிறகு அதுவே நாக்கில் நின்றுவிட்டது என்று ஒருமுறை சொல்லியிருந்தான். நான் பாப்பாவைப் பற்றிக் கேட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் முதல் சில வருடங்கள் அரசாங்கத்தின் பக்கம் வேலை செய்தேன். அரசு எடுத்த முடிவுகளை நீதிமன்றத்தில் நியாயப்படுத்துவது. அப்பாவுக்கு இது விளங்குவதற்குக் கொஞ்சம் காலம் எடுத்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப நீ அவங்கட ஆளோ?"

"அவையும் வழக்காட ஆள் வேணும்தானே அப்பா."

"எங்களை ஏலாதெண்டு சொன்ன அந்த மனுசனுக்காகவும் கதைப்பியோ?"

"அவர் முறையாச் செய்திருந்தாக் கதைப்பன்."

அப்பா யோசித்தார். "முறையாத்தான் செய்தவர். கோப்பியும் தந்தவர்" என்றார். பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிக நாள் அரித்தது. அந்த அறையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் தங்கள் வேலையை மரியாதையாகச் செய்தார்கள். அப்படியிருந்தும் ஒரு குடும்பம் இரண்டாகப் போனது. பிற்பாடு நான் அரசாங்க வேலையை விட்டுத் தனியாக வழக்காட வந்ததற்கு நண்பர்களிடம் வேறு காரணங்கள் சொன்னேன். உண்மையான காரணம் அப்பாவின் அந்த இரண்டு வசனங்கள்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஆங்கிலம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது, தமிழை விட்டுவைத்தது. நான் நீதிமன்றத்தில் இருந்த ஒரு காலையில் ஆஸ்பத்திரி ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தது. மத்தியானம் நான் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் புடவை கட்டிய ஒரு முதிய பெண் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கோட்டு மட்டும் அதேபோல் தடிப்பானது.

"நீங்க அந்தக் குட்டிப் பொண்ணுதானே? மூலையில உக்காந்து படம் வரைஞ்சிட்டிருந்தீங்க" என்றார் என்னைப் பார்த்ததும். "உங்க அப்பாவை நான் மறக்கவே இல்லம்மா. அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன். பின்னாடி உங்களுக்குக் கிடைச்சிருச்சுன்னு கேள்விப்பட்டப்போ கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணினேன்."

அப்பா நல்ல கையால் அவரைக் காட்டி, குழறலாக, "நல்ல மனுசி. அண்டைக்குத் தண்ணி தந்தவ" என்றார்.

"டாக்டர் சொன்னதெல்லாம் அப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டேன். அவர் ஏதாவது சொன்னா ரெண்டு தடவை கேட்டுக்கிறேன். உங்க தமிழ் வேற மாதிரி இல்லையா?" என்றார் அந்த அம்மா.

இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்கள் தமிழ் வேறு மாதிரி என்று. எப்போது தெரியவந்தது, யாருடைய வழக்கில், அன்றைய தினத்தை அவர் திரும்ப நினைத்துப் பார்த்தாரா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு நன்றாக வரும். அந்த அம்மாவிடம் நான், "நன்றி அன்ரி, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று மட்டும் கேட்டேன். குடித்தார். அப்பாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அப்பாவின் இறுதிச் சடங்கை அண்ணா தொலைபேசித் திரையில் பார்த்தான். இங்கே மத்தியானம், அங்கே விடிந்துகொண்டிருந்தது. மகன் செய்ய வேண்டியதை நான் செய்தேன். ஐயர் ஒவ்வொரு தடவையும் "மகன்" என்று மந்திரத்துக்கு நடுவில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து "மகள்" என்று திருத்திக்கொண்டார். அண்ணா அங்கே காவிரிக் கரையில் தலை மழித்துக்கொண்டு, வெறும் மேலோடு, ஈரத்தில் நின்றான். அவன் பூசும் வர்ணம் நகக்கண்ணில் வெள்ளையாக இருந்தது. கும்பிட்ட கைகளில் எனக்கு அதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஒன்றை மட்டும் கேட்டார். "என்ர கண் மூடமுந்தி அவனை ஒருக்கா இங்க கூப்பிடு பிள்ளை. இருக்கிறதுக்கு இல்லை. பாக்கிறதுக்கு."

அம்மா என்னோடும் என் மகனோடும் ஹென்டர்சனில் இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் அவரால் விமானமேற முடியாது. நான் வேலையைத் தொடங்கினேன். சென்னையில் உள்ள, நாங்கள் விட்டுவந்த நாட்டின் தூதரகத்தில் அண்ணாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கவே இரண்டு வருடங்கள் போயின. பிறந்த சான்றிதழுக்குப் பெரியம்மாவின் மகன் ஊரில் எத்தனையோ அலுவலகங்கள் ஏறி இறங்கினான். பிறகு இங்கே விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பம் எழுதினேன். என் வாழ்க்கையில் எந்த நீதிமன்றத்துக்கும் அவ்வளவு கவனமாக நான் எழுதியதில்லை. விசா கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது அலுவலகத்தில் எழும்பி நின்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடிவந்தார்.

அம்மா நடக்கப் பழகத் தொடங்கினார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி மகனைப் பார்க்கமாட்டாராம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் முன்கதவுக்கும் இடையில் தினமும் நடந்தார். என் மகன் அவருக்குப் பக்கத்தில் போய், ஆங்கிலத்தில் உற்சாகப்படுத்துவான். அம்மா தமிழில் அவனை விலகச் சொல்வார்.

விமானச் சீட்டுப் போடும் நேரத்தில்தான் அண்ணா அழைத்தான். இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வாங்கப் போயிருக்கிறான். வெளியேறினால் முகாமில் அவன் பதிவு முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வர வேண்டுமென்றால் புதிதாக இந்திய விசா எடுக்க வேண்டும். படகில் விசா இல்லாமல் வந்த ஆளுக்கு அது கிடைக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். சென்னையில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கேட்டேன். "போகலாம் மேடம். திரும்பி வர்றதுதான் கஷ்டம். ரிஸ்க் எடுக்கச் சொல்லமாட்டேன்" என்றார். நான் இரண்டு வாரம் இந்தியத் தீர்ப்புகளைப் படித்தேன். எனக்குத் தெரிந்த வாதங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தேன். அது என் நாடும் அல்ல, என் நீதிமன்றமும் அல்ல.

அண்ணாதான் முடிவு சொன்னான். "பெரியவ காலேஜ் ரெண்டாவது வருஷம். சின்னவ பிளஸ் டூ. நான் போய் அங்க மாட்டிக்கிட்டா இதுங்க என்ன பண்ணும்? நான் வரல தங்கச்சி."

"நான் ஏதாவது செய்யிறன் அண்ணா. கொஞ்சம் பொறு. வேற வழி இருக்கும்."

"நீ செஞ்சதே போதும். உன் மேல ஒண்ணும் இல்ல." பிறகு நெடுநாளாக நான் அவன் வாயில் கேளாத தமிழில், "அம்மாவுக்கு நீயே சொல்லு. என்னாலை ஏலாது" என்றான்.

நான் அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அம்மா முன்கதவுக்குப் பக்கத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். அழுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அழவில்லை.

"பிள்ளையளை விட்டிட்டு வா எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?" என்றார். "நான் அப்பிடி ஒருக்கா வந்தனான்தானே."

அவர் திரும்பிச் சமையலறைப் பக்கம் நடந்தார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். இத்தனை வருடமாக இது ஒரு சொல்லின் பிழை, ஒரு விதியின் பிழை, ஒரு தாமதத்தின் பிழை என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அவற்றை எப்படி வாதாடுவது என்று படித்து அதையே தொழிலாக்கிக்கொண்டேன். அம்மா அவ்வளவு காலமும் அதைத் தன் பிழையாக வைத்திருந்தார். அதைப் பற்றி ஒருமுறைகூட நான் அவரிடம் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டார்களா என்று நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

போன மாதம் ஒரு வழக்கு வென்றேன். வேறொரு நாட்டிலிருந்து வந்த குடும்பம், வேறொரு மொழி. தம்பியை அழைக்கக் கேட்ட விண்ணப்பத்தைச் சரியாகப் பார்க்காமல் மறுத்திருந்தார்கள். அதைத் திரும்பப் பரிசீலிக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். தீர்ப்பை நான் விளக்கியதும் அக்காக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கறுப்புச் சட்டையின் தோள் நனைந்தது. அவர்கள் போனபின் காருக்குள் போய் இருந்து அண்ணாவுக்கு எடுத்தேன். அங்கே காலை. எங்கோ மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றான். கீழே லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

"என்னம்மா இந்த நேரத்துல? அம்மா நல்லா இருக்காங்கல்ல?"

"ஓம், அம்மா சுகம். ஒரு வழக்கு வெண்டிட்டன் அண்ணா. சும்மா சொல்லத்தான் எடுத்தனான்."

"யாரோட வழக்கு?"

"ஒரு பொம்பிளை. தம்பியைக் கூப்பிடக் கேட்டவ."

யாரோ அவனிடம் பிரஷ் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்தான்.

"அவன் வந்துருவானா?"

"வருவான் எண்டு நினைக்கிறன்."

"நல்லது" என்றான் அண்ணா. "சரி, வெயில் ஏறறதுக்குள்ள இந்தச் சுவரை முடிக்கணும். சாயந்திரம் கூப்பிடறேன்."

மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் காரை எடுக்காமல் இருந்தேன்.